ஜே. சி. குமரப்பா: விசுவாசமும் கணக்கேடும்

ஜே. சி. குமரப்பா (4 ஜனவரி 1892 – 30 ஜனவரி 1960) தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியப் பொருளியலை வகுத்தவர்களுள் முதன்மையானவராக இன்று அறியப்படும் அவர், தொழிலால் ஒரு தணிக்கையாளர். பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று கேட்பதையும் தம் கிறிஸ்தவ விசுவாசத்தின் ஒரு பகுதியாகவே அவர் கருதினார்.

இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி வசதியாக வாழ்ந்தார். 1927இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைப் பார்த்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆங்கிலேய அரசின் வரவு செலவை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு ஆராய்ந்தபோது, குமரப்பாவின் பாதையே மாறியது. 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். பின்னர் கதருக்கும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்கும் மாறினார்.

1930இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது, இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபைத் தலைவராக இருந்த கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் அதை எதிர்த்தார். அடி வாங்கியும் திருப்பி அடிக்காத சத்தியாக்கிரகிகளை இயேசுவின் போதனை கொண்டு எப்படிக் கண்டிக்க முடியும் என்று குமரப்பா அவருடன் வாதிட்டார். தம் சொந்தச் சபையின் தலைவரையே எதிர்த்து எழுதுவது அக்காலத்தில் எளிதான செயலாக இருந்திருக்காது.

அவருடைய நேர்மைக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி பீகாரில் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்று அணா என்று அவர் வரம்பு வைத்தார். காந்தியும் அவருடன் வந்தவர்களும் பீகாருக்கு வந்தபோது பாலும் பழமும் மூன்று அணாவுக்குள் அடங்கவில்லை. அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி அழைத்துக் கேட்டபோதும் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. மக்கள் ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்கு மட்டுமே என்றார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். யாருக்காகத் தம் தொழிலை விட்டு வந்தாரோ, அவருக்கே விதிவிலக்கு இல்லை என்று சொன்னது இங்கே கவனிக்கத்தக்கது. சிறிய தொகைதானே என்று நினைத்திருந்தால் ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம்.

அதே ஆண்டு இறுதியில் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை அவர் வார்தாவிலிருந்து நடத்தினார். விலை மலிவு என்று ஒரு பொருளை வாங்குபவருக்கு அது உருவான விதத்திலும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய முக்கியமான வாதம். மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பால் விளைந்த கோகோவைக் குடிப்பவருக்கும் அந்தக் கொடுமையில் பங்கு உண்டு என எடுத்துக்காட்டினார். தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக் கூலி பற்றிப் பேசும் இன்றைய மாணவருக்கும் இந்த வாதம் அந்நியமாகத் தோன்றாது.

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தைத் தொடர்ந்து சிறையில் இருந்த காலத்தில் இரண்டு ஆங்கில நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனைகளையும் பற்றியது. மற்றொன்று ‘நிலைத்த பொருளாதாரம்’. இரண்டாவதில் பொருளாதார வாழ்வை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். கொன்று தின்னும் புலி கீழ்ப்படியில் இருக்கிறது. கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை மேற்படியில் இருக்கிறது. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த ஏணி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

குமரப்பா திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். காந்தி கொல்லப்பட்டதன் பன்னிரண்டாம் நினைவுநாளில் அவர் காலமானார்.