வாயில்லா உயிர்களும் வரவு செலவும்

1855ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் முயற்சியால் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய விலங்குக் காட்சிசாலை, பின்னர் இடம்பெயர்ந்து, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக மலர்ந்ததை நாம் அறிவோம். அதன் பரப்பு ஏறத்தாழ 602 எக்டேர். பரப்புப் பெருகின் அகழி, மதில், மருத்துவம், பணியாளர் எனச் செலவும் பெருகும். நுழைவுக் கட்டணமோ மக்கள் வருகையைப் பொறுத்தது. 2020இல் பெருந்தொற்றால் வாயில் அடைபட்டபோது அவ்வரவு நின்றது. விலங்குகளின் பசி நிற்கவில்லை.

ஆகவே, புதிய கூடம் எழுப்பத் திட்டமிடுவோர், அதனை ஆண்டுதோறும் பேணுதற்குரிய பொருளையும் முன்னரே ஒதுக்குதல் வேண்டும். விலங்குகளைத் தத்தெடுத்து உணவுச் செலவை ஏற்கும் திட்டம் துணையாகுமேயன்றி, அரசின் கடமைக்கு ஈடாகாது.

பூனையை அடைத்துவைத்து, உணவளியாது மடியவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதை நபிமொழி எடுத்துரைக்கிறது. அடைத்தவர் நாம், ஆதலின் உணவளிக்கும் பொறுப்பும் நம்முடையதே.