வீட்டைக் காக்கும் மெல்லிய கம்பி!

தம்பி, தங்கைகளே! இரவு ஏழு மணி. வீடு நிறைய விருந்தாளிகள். எல்லாரும் டி.வி. பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று 'டப்!' உங்கள் வீட்டில் மட்டும் இருட்டு. எதிர் வீட்டில் விளக்கு பளிச்சென்று எரிகிறது. பெரியவர்கள் உடனே என்ன சொல்வார்கள்? "பியூஸ் போயிடுச்சு!"

பியூஸ் ஏன் போகிறது? வாருங்கள், ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

பெரிய வீடு, பழைய ஒயர்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி வட்டாரத்தில் இருக்கிறது கண்டரமாணிக்கம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். தூண், கதவு, விட்டம் எல்லாம் பர்மா தேக்கு. நூறு வயதைத் தாண்டிய வீடுகளும் உண்டு.

இத்தகைய பழைய வீடுகளில் முதலில் ஒயர் ஓட்டியபோது, சில விளக்குகளும் மின்விசிறிகளும்தான் கணக்கு. இன்றைக்கு அப்படியா? கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்றால் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். கிரைண்டர், பிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்!

ஒரு சின்னக் கணக்கு

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின் வாட்டை 230ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 13 ஆம்பியர். 5 ஆம்பியருக்குப் போட்ட லைனில் இதை ஓட்டினால் என்ன ஆகும்?

ஒயர் சூடாகும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! மேலுறை உருகும். பக்கத்தில் காய்ந்த தேக்கு மரம் இருந்தால்... சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் பியூஸ் வேலை செய்கிறது. மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கான் கட்டைகள் இருக்கும். அவற்றுக்குள் ஒரு மெல்லிய கம்பி. வீட்டு ஒயர் ஆபத்தான அளவுக்குச் சூடாகும் முன்பே இந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். வீடு தப்பிக்கும்.

கெட்டிக் கம்பி கெட்டிக்காரத்தனமா?

அடிக்கடி பியூஸ் போனால் சிலருக்குக் கோபம் வரும். "கெட்டியான கம்பியாப் போடுப்பா, போகவே போகாது!" என்பார்கள். உண்மைதான், பியூஸ் போகாது. ஆனால் சூடு குறைந்துவிடுமா? அது அப்படியே சுவரில் ஓடும் ஒயருக்குள் ஏறும். பியூஸ் உருகுவதற்குப் பதிலாக வீட்டு ஒயர் உருகும். பியூஸ் போவது கோளாறு அல்ல. கோளாறு இருக்கிறது என்ற எச்சரிக்கை. எச்சரிப்பவரின் வாயைக் கட்டலாமா?

எம்.சி.பி. வந்த கதை

மின்விளக்குக்குப் பெயர் பெற்ற எடிசன், 1890இல் பியூசுக்கும் காப்புரிமை பெற்றார். ஒருமுறை உருகினால் புதுக் கம்பி கட்ட வேண்டுமே! அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஜெர்மனியின் ஹ்யூகோ ஸ்டோட்ஸ். சிறிய தானியங்கி சுவிட்சுக்கு 1924இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் எம்.சி.பி. என்பது இதைத்தான். இதற்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய பட்டை ஒன்று உண்டு. லோடு அதிகமானால் அது சூடேறி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் உள்ளே உள்ள மின்காந்தம் கண் இமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். காரணத்தைச் சரிசெய்தபின் பெரியவர்கள் மேலே தள்ளிவிட்டால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். பியூசும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. ஷாக்கிலிருந்து நம்மைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. நம் உயிருக்கு 0.1 ஆம்பியரே ஆபத்து! அதைக் கவனிக்க ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கிறது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் வைப்பது 0.03 ஆம்பியர் குறைந்தாலே நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* போர்டைத் தொடாதீர்கள். பெரியவர் ஒருவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தட்டும். எந்த அறை இருட்டாகிறது என்று நீங்கள் எழுதுங்கள். அந்தப் பட்டியலை போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

* மெயின் சுவிட்ச் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். முதலில் மெயினை நிறுத்த வேண்டும்.

* ஒயரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

* பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வீடு இருட்டானால், "கெட்டிக் கம்பி போடு" என்று யாராவது சொல்வார்கள். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள், குட்டீஸ்?