சொல்லாமல் விட்ட பாடம்

யாழ்ப்பாணத்து வீடொன்றிலே பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டால் அச்செய்தி ஊர் முழுதும் பரவ ஒரு நாழிகை போதும். மாமிமார் வருவர், வாசலில் வாழை நாட்டிப் பந்தலிடுவர், அழைப்பிதழ் அச்சாகும், ஆலாத்தி சுற்றுவர், இக்காலத்தில் ஒளிப்படக்காரரும் வந்து நிற்பர். இத்துணைப் பேர் கூடிய அவ்வீட்டில், தன் உடலில் நிகழ்ந்தது யாது, அஃது ஏன் நிகழ்ந்தது என்று அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வோர் எத்தனை பேர்? ஊருக்கு உரைப்பதை உரியவளுக்கு உரைக்க மறந்து விடுகின்றோம்.

இதனை நான் பிறர்மேல் வைத்துக் கூறவில்லை, குற்றம் என்னுடையதுமாகும். ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த தொடக்கக் காலத்திலே, தமிழோடு சுகாதாரப் பாடமும் என் தலையில் விழுந்தது. உடல் வளர்ச்சி பற்றிய பகுதி வந்ததும், “இதனை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது 1995ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தமையை நம்மவர் எவரும் மறவார்.

அவ்வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி அண்மையிலே தன் மகளுடன் என்னைக் காண வந்திருந்தாள். பழங்கதை பேசிக்கொண்டிருந்தவள் சிரித்தவாறே ஒன்று சொன்னாள்.

“அந்தப் பாடத்தை வீட்டிலை வாசியுங்கோ எண்டு சொன்னீங்கள், ஐயா. புத்தகத்தை விரிக்கிறதுக்கு முதலே இடம்பெயர்ந்திட்டம். சாவகச்சேரியிலை பள்ளிக்கூடமொண்டிலை படுத்திருக்கேக்கை எனக்கு வந்திட்டுது. உள்ளுக்கை எங்கையோ காயம் பட்டிட்டுது, சாகப்போறன் எண்டு நினைச்சன். மூண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நாளும் என் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. அதன் பின்னரே, நான் விட்ட பாடத்தை வாழ்நாள் முழுதும் கற்பித்த ஒருவரைத் தேடிப் படித்தேன். அவர் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே 1873ஆம் ஆண்டு பிறந்த மேரி ஐர்வின், ரொறன்ரோ நகரில் மருத்துவம் கற்றுத் தேறியவர். பெண்கள் மருத்துவராதலே அருமையான காலம் அது. சமயப் பணியின் வழியாக 1896ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தார். ஆயினும், சாமுவேல் கிறிஸ்தியன் கனகரத்தினம் என்னும் தமிழரை அவர் மணந்தமை வெள்ளைச் சமயப் பணியாளருக்கு உவப்பாக இருக்கவில்லை. தமிழருக்கு மருந்து கொடுக்கலாம். தமிழரை மணத்தல் ஆகாது என்பது அவர்தம் அறம் போலும்! அவர்கள் கைவிட, அம்மையார் கொழும்பிலே அரசாங்கப் பெண்கள் வைத்தியசாலையிற் பணியாற்றிப் பின் தாமே வைத்தியம் செய்து வாழலானார்.

நோயாளரைத் தீர்த்து அனுப்புவதோடு அவர் நின்றிருந்தால் நல்ல மருத்துவர் என்ற பெயரோடு முடிந்திருப்பார். ஆனால், ஒரே பெண் ஆண்டுதோறும் கருவுற்று மெலிந்து வருவதையும், தன் உடல் பற்றிய முடிவு கணவன் கையிலும் மாமி கையிலும் இருக்க அவள் வாய்மூடி நிற்பதையும் அவர் கண்டார். நோயின் வேர் மருந்துப் போத்தலுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஆகவே அவர் வைத்தியசாலையை விட்டு வெளியே வந்து வேலை செய்தார். 1909இல் தோன்றிய தமிழ் மகளிர் சங்கத்தின் தோற்றத்திற் பங்குகொண்டார். பள்ளிகளுக்குச் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் எழுந்தபோது அதில் உழைத்தார். கனடாவின் மாதர் நிறுவனங்களை மாதிரியாகக் கொண்டு 1930இல் இலங்கை மகிளா சமித்தியைத் தொடக்கி, கிராமத்துப் பெண்களிடம் சுகாதாரத்தையும் உணவறிவையும் கொண்டு சென்றார். கருத்தடை என்ற சொல்லைக் கேட்டாலே கண்டனம் எழுந்த 1930களிலே அதனை வெளிப்படையாக ஆதரித்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958ஆம் ஆண்டு மக்சாய்சாய் விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் மறைந்தார்.

அவர் காலத்து நிலையை ஓர் எண்ணாற் காட்டலாம். 1930களின் தொடக்கத்திலே இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். இன்று அவ்வெண் 30ஐ அண்டி நிற்கின்றது. இம்மாற்றம் ஒருவரால் நிகழ்ந்ததன்று. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடி வரும் மருத்துவ மாதர், இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியன ஒன்றுகூடி ஆற்றிய வேலை அது. பெண்கள் எழுத்தறிந்து கேள்வி கேட்கத் தொடங்கிய இடத்திலே மரணம் பின்வாங்கியது.

இக்காலத்தில் இத்துறையினர் ‘பால்நிலை’ என்றொரு சொல்லை வழங்குகின்றனர். சிலர் இதனைப் புதுமோகம் என்று இகழ்வர். தமிழ் கற்றோர் அஞ்சுதற்கு இதில் ஒன்றுமில்லை. பால் என்பது பகுப்பு. நம் இலக்கணம் ஐம்பால் என வகுத்ததும் அதுவே. இயற்கை வகுத்த உடல் ஒன்று. அதன்மேல் ஊரார் வகுத்த பகுப்பு வேறொன்று. கருவுறுவது இயற்கை, கருவுற்றவள் கடைசியாகவே உண்ண வேண்டும் என்பது ஊர் வழக்கம். இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலன்றி நோயின் காரணம் புலப்படாது. பால்நிலையை ஆராயும் சுகாதார அறிஞர் செய்வது இவ்வளவே.

சொல் இல்லை என்றும் நாம் சாக்குச் சொல்லல் இயலாது. மானிப்பாயில் வைத்தியசாலை கண்ட அமெரிக்கரான டாக்டர் கிறீன், 1850களிலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழிலே ஆக்கினார்; தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்னர், தொல்காப்பியக் கற்பியல் பூப்பின் பின்வரும் பன்னிரு நாளைப் பற்றிச் சூத்திரம் செய்தது. உரையாசிரியர் அந்நாள்களைக் கருவுறுதலோடு பொருத்தி விளக்கினர். பண்டித வகுப்பிலே அச்சூத்திரத்துக்கு நான் பலமுறை பொருள் கூறியிருக்கின்றேன். அப்போது நா கூசியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்திலேதான் கூசியது. அறிந்ததைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வுக்கு மறைப்பவன் ஆசிரியன் ஆவானா?

சென்ற தவணையிலே எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரை வகுப்புக்கு அழைத்தேன். அவர் படம் வரைந்து விளக்கினார். சொற்களுக்கு நான் பொருள் கூறினேன். ஆண்பிள்ளைகளையும் வெளியே அனுப்பாமல் அமர்த்தியிருந்தோம். முதற் பத்து நிமிடம் சிரிப்பு, பின்னர் அமைதி, முடிவிலே கேள்விகள். பின்வாங்கில் இருந்த பையனொருவன் எழுந்து, “அக்காவுக்கு வயிற்றுக்குத்து எண்டால் நான் என்ன செய்யலாம்?” என்று கேட்டான். கற்பித்தலின் பயன் இதனினும் வேறு வேண்டுமோ?

ஆசிரிய அன்பர்கள் தங்கள் பாடநூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. வாசிக்காமல் விட்ட பக்கம் ஒன்று இருக்குமாயின், அடுத்த திங்கட்கிழமை அதிலிருந்து தொடங்கலாம். எங்கோ ஒரு பிள்ளை, எவருக்கும் சொல்லாத தன் மூன்று நாளை அதனால் மீளப் பெறுவாள்.