உயர்ந்தது / உயர்த்தினார்கள்: வானொலியின் விலை நிலவரம் குறித்து

நாகூரில் வாப்பாவின் மளிகைக் கடையில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி இருந்தது. விலை நிலவரத்தை வாப்பா தவறவிட்டதில்லை. நெல் இவ்வளவு, உளுந்து இவ்வளவு, பவுன் இவ்வளவு, பிறகு வானிலை. இரண்டையும் ஒரே குரல்தான் வாசிக்கும். 'அது சொல்ற வெலைக்கு எவன் குடுக்குறான்?' என்று திட்டிக்கொண்டே குறித்துக்கொள்வார். மழையைப் போல விலையும் மேலேயிருந்து வருகிற சமாச்சாரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த நினைப்பு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் டெல்டாவுக்கு வெறும் தகவல்சொல்லியாக இருக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் வந்தபோது வானொலி அதைப்பற்றி விடாமல் பேசியது. தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சொல் வயலில் முளைத்தது என்பது இங்கே உருவகம் அல்ல. 1966இல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் வந்தன. விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசி விளைவிக்கச் சொன்ன குரல், விளைந்ததை என்ன விலைக்கு விற்பது என்றும் சொல்லியாக வேண்டும் அல்லவா? 2004இல் தொடங்கிய கிசான் வாணி, அன்றாடச் சந்தை விலையை உள்ளூர்ப் பண்பலைவரை கொண்டுவந்தது. நிகழ்ச்சி வளர்ந்தது. அதன் இலக்கணம் மட்டும் மாறவில்லை.

'நெல் விலை உயர்ந்தது.' தன்வினை. உயர்த்தியவர் யார், பதுக்கியவர் யார் என்று இந்த வாக்கியத்திடம் கேட்க முடியாது. எழுவாயாக விலையே உட்கார்ந்திருக்கிறது. கூலி அப்படித் தானாக உயர்வதில்லை. 'கூலியை உயர்த்து' என்று ஏவலில் யாராவது கத்த வேண்டும். கத்தியவர்களுக்கு என்ன நடந்தது என்பது நாகூர்க்காரர்களுக்குத் தெரியும். கீழ்வெண்மணி எங்களுக்குத் தூரமில்லை. ரேடியோ நெல் விளைந்த அதே பூமியில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். பிறகுதான் கணபதியாபிள்ளை கமிஷன், 1969இல் நியாயக்கூலிச் சட்டம். கூலி நகர ஒரு கமிஷனும் சட்டமும் தேவைப்பட்டன. விலைக்கு ஒரு வினைச்சொல் போதும்.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்கப் பொது வானொலியில் 1989இல் தொடங்கிய 'மார்க்கெட்பிளேஸ்' என்ற வணிகச் செய்தி நிகழ்ச்சியில், பங்குச்சந்தை ஏறிய நாளுக்கு ஒரு மெட்டு, இறங்கிய நாளுக்கு வேறொன்று. இறங்கிய நாளின் மெட்டு 'ஸ்டார்மி வெதர்' என்ற பழைய பாட்டினுடையது. அதாவது புயல் வானிலை! எங்கள் அறிவிப்பாளர் மெட்டில்லாமலேயே செய்த காரியம்.

வாப்பாவையும் விட்டுவிட முடியாது. அறுவடைக் காலத்தில் கூலி நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு சாமான் வாங்க வருவார்கள். மரக்காலில் அளந்து வாங்கிக்கொண்டு, காலையில் குறித்த விலையைவிடக் குறைத்துத்தான் கணக்குப் போடுவார். ஒருநாள் ஒரு அம்மா கேட்டேவிட்டது: 'பாய், ரேடியோவுல இன்னக்கி என்ன வெல சொன்னாங்க?'

வாப்பா நிமிரவில்லை. 'அது குவிண்டாலுக்கும்மா. மரக்காலுக்கெல்லாம் சொல்ல மாட்டான்.'