தேவாலாவின் பொன்வேட்டை

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் மின்னும் சரிகை முழுப் பொன்னன்று. பட்டிழையின்மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் மிக மெல்லிய பொன்முலாம் பூசுவர். பழஞ்சேலைகளைச் சரிகைக்காக விலைக்கு வாங்குவோர் அதனை உருக்கிப் பெறுவது பெரும்பாலும் வெள்ளியே. கண்ணுக்கு நிறைந்து தோன்றும் பொன் கைக்கு எவ்வளவு சிறிதாக எட்டும் என்பதை நெசவாளர் நன்கறிவர். நீலகிரியின் மேற்குக் கோடியிலுள்ள தேவாலா என்னும் சிற்றூர் இதனைப் பெருவிலை கொடுத்து அறிந்தது.

கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் சாலையில், நாடுகாணியை அடுத்து அமைந்துள்ளது தேவாலா. தமிழ்நாட்டில் மழை மிகுந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் புதர்க்காட்டிற்குள் நுழைந்தால், குன்றின் பக்கவாட்டில் குடையப்பட்ட சுரங்க வாய்களைக் காணலாம். கொடிகள் மூடிய அவ்வாய்களை அறியாதவர் கரடிக்குகை என்றே எண்ணுவர்.

இங்குப் பொன் இருப்பது வெள்ளையரின் கண்டுபிடிப்பு அன்று. மழைநீர் அரித்துக் கொணரும் ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொற்றுகள் பிரிக்கும் தொழிலைப் பணியரும் குறும்பரும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவர்கள் எடுத்த பொன்னில் பெரும்பங்கு நிலவுடைமையாளர்களுக்கே சென்றது.

1870களில் காப்பித் தோட்டங்கள் நோயால் நலிந்தன. அவ்வேளையில் மணலை விடுத்து, மலைக்குள் ஓடும் வெண்கல் பாறைப் படிவத்தையே உடைத்துப் பொன்னெடுக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. 1874இல் ஆல்பா என்னும் நிறுவனம் தோன்றியது. ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவம் மிக்க பிரௌ ஸ்மித் அரசின் பொருட்டு ஆராய்ந்து, 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கையை அளித்தார். இலண்டன் பங்குச்சந்தை கொந்தளித்தது. இந்தியப் பொன்னுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஏறத்தாழ 50 இலட்சம் பவுன் மூலதன அறிவிப்புடன் முளைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை இம்மலைப்பகுதியையே நம்பியிருந்தன. விளைச்சலற்ற காப்பித் தோட்டங்கள் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. பந்தலூரில் தங்கும் விடுதியும் கடைகளும் குதிரைப்பந்தயத் திடலும்கூட உருவாயின. பொன் வெளிவரும் முன்பே அதைச் செலவிடும் ஏற்பாடுகள் நிறைவுற்றுவிட்டன.

பாறையை இரும்பு உலக்கைகளால் இடித்துத் தூளாக்கி, நீரோடு பாதரசத்தின்மீது ஓடவிடுவர். பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். முறையில் குறையில்லை, பாறையில்தான் பொன் போதவில்லை. வெளிப்பரப்பிலிருந்து தேர்ந்தெடுத்த கற்கள் காட்டிய வளம், ஆழத்தில் வெட்டிய கற்களில் இல்லை. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்னே கிடைத்தது. கூலிக்கும் அது காணவில்லை. ஓரிரு ஆண்டுகளில் நிறுவனங்கள் கலைந்தன. பொறிகள் மழையில் துருவேறின. தோட்டத்தை உயர்ந்த விலைக்கு விற்றவர் தப்பினர். பங்கை வாங்கியவர் இழந்தனர்.

இதே அலையில் தொடங்கிய கோலார் சுரங்கமும் முதலில் தள்ளாடியது. ஆயினும் 1880களின் நடுவில் அங்கு வளமான படிவம் தென்பட்டது. வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தைத் தொட்ட அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

தேவாலாப் பகுதியில் பொன்னைத் தோற்கடித்துத் தேயிலை நிலைபெற்றது. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் குடியேறித் தோட்டத் தொழிலாளராயினர். தோட்டக் கூலி போதாத குடும்பங்களிலிருந்து சிலர் பழைய சுரங்கங்களுக்குள் இறங்கத் தலைப்பட்டனர். கைவிளக்கும் உளியுமே அவர்களின் கருவிகள். தாங்குகால் இல்லாத குழிகளில் மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிரிழந்தோர் உண்டு. அனுமதியற்ற இத்தொழிலை வனத்துறையும் காவல்துறையும் தடுத்து வருகின்றன. குழிகளை மூடுவதும், மழை ஓய்ந்தபின் எவரேனும் அவற்றை மீண்டும் தோண்டுவதும் அங்கு வழக்கமாகிவிட்டன.