தட்டைத் தலை சைப்ரஸ்

ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். பால்ட் சைப்ரஸ் அந்தப் பாடத்துக்கு அடங்காதது. அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களில் வளரும் இம்மரம் இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாக மாறி, இலைகளோடு அவற்றைத் தாங்கும் மெல்லிய ஈர்க்குகளையும் சேர்த்தே உதிர்த்துவிடும். குளிர்காலம் முழுதும் மொட்டைதான். லூசியானா 1963இல் இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

தண்ணீரில் நிற்கும் மரம் என்றாலும் இதன் விதை தண்ணீருக்கடியில் முளைக்காது. வெள்ளம் வடிந்து சேறு ஈரமாக இருக்கும் காலத்தில் முளைத்து, அடுத்த வெள்ளம் மூழ்கடிக்கும் முன் தலைதூக்கிவிட வேண்டும். அப்படிப் பிழைத்தவை நெடுங்காலம் வாழ்கின்றன. வட கரோலினாவின் பிளாக் ரிவர் கரையில் உள்ள ஒரு மரத்தின் வயது 2,624 ஆண்டுகளுக்குக் குறையாது என்று வளையங்களை எண்ணிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். மரத்தைச் சுற்றி நீருக்கு மேல் முட்டி முட்டியாக வேர்கள் எழுந்து நிற்கும். வேருக்குக் காற்று கொண்டுபோகத்தான் அவை என்று நெடுநாள் சொல்லப்பட்டது. சோதனைகள் அதை உறுதியாக நிறுவவில்லை.

இதைத் தொட்டியில் குட்டை மரமாக, அதாவது போன்சாயாக, வளர்ப்பவர்கள் செய்யும் முதல் வேலை பார்ப்பவரைப் பதற வைக்கும். குளிர்காலத்தின் கடைசியில், மொட்டு விடுவதற்குமுன், நில உரிமையாளரின் அனுமதியோடு ஒரு இளமரத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். அடிமரத்தை வேண்டிய உயரத்தில் ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள். கிளை ஒன்றும் மிஞ்சாது. ஆணிவேர் போய்விடும், பக்க வேர்களும் தொட்டிக்கு அடங்கும் அளவுக்குக் குட்டையாகிவிடும். மிஞ்சுவது ஒரு மரக்கட்டை. வசந்தம் வந்ததும் அந்தக் கட்டையின் உடம்பெல்லாம் துளிர் வெடிக்கிறது.

ஜப்பானியர் போற்றும் ஹினோக்கி சைப்ரஸிடம் இந்த வேலை நடக்காது. பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து அது துளிர்ப்பதில்லை. ஒரு கிளையை அடிவரை மொட்டையாக்கினால் அந்தக் கிளை போனதுதான். அதனால் ஹினோக்கி வளர்ப்பவர் நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பொறுமை காக்கிறார். பால்ட் சைப்ரஸ்காரருக்கு ரம்பம் போதும்.

உச்சியில் வந்த துளிர்களில் ஒன்றைப் புதிய தலையாக வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கட்டுப்படுத்தாமல் ஓடவிடுவார்கள். அது பருத்தால்தான் அறுத்த காயம் மூடும்; வெட்டுவாயைச் சரிவாகச் செதுக்கிவிட்டால் அடியில் பெருத்து மேலே ஒடுங்கும் வடிவம் இயல்பாக வந்து சேரும். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைப்பவர்களும் உண்டு. கட்டாயமில்லை; ஆனால் நீரும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில்தான் அடிமரம் உப்பும், அந்த உப்பலுக்காகத்தான் இந்தப் பாடு. கிளைக்குச் சுற்றும் கம்பியை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். வேகமாகப் பருக்கும் மரம். அசந்தால் கம்பி பட்டைக்குள் புதைந்து வடு விழுந்துவிடும்.

எந்த உருவம் கொடுப்பது என்பதில்தான் சுவையான கதை இருக்கிறது. ஊசியிலை மரமென்றால் கீழே அகன்று மேலே கூம்பும் வடிவம்தான் போன்சாயில் வழக்கம். பால்ட் சைப்ரஸையும் நெடுநாள் அப்படியே வளர்த்தார்கள். இளமையில் அது கூம்பு வடிவம்தான், சந்தேகமில்லை. வயதாக ஆக உச்சி நோக்கிய வேகம் குன்றுகிறது. இடியும் புயலும் நுனியை முறிக்கின்றன. கீழ்க்கிளைகள் உதிர்ந்து, உயரத்தில் சில கிளைகள் மட்டும் படுக்கையாக விரிந்து நிற்கின்றன. போன்சாய் என்பதே முதுமையைக் காட்டும் கலை. அப்படியிருக்க, கிழமரத்துக்கு இளமரத்தின் உருவத்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த போன்சாய்க் கலைஞர் வான் பான்டிங் சதுப்பு நிலத்து முதுமரங்களைப் பார்த்து, உச்சி தட்டையான ஒரு பாணியை உருவாக்கினார். ஜப்பானிய இலக்கணத்தில் அதற்கு முன்மாதிரி கிடையாது. அமெரிக்கா போன்சாய்க்குத் தந்த கொடைகளில் இதையே நான் முதலில் சொல்வேன்.

இந்தப் பாணியில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. பால்ட் சைப்ரஸ் தன் வலுவையெல்லாம் மேலுக்கே அனுப்பும். கூம்பு வடிவத்தில் வளர்ப்பவர் உச்சியை ஓயாமல் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடை கவனிக்காமல் விட்டால் கீழ்க்கிளை மெலிந்து காய்ந்துவிடும். தட்டைத் தலையில் காப்பாற்றக் கீழ்க்கிளையே இல்லை. உச்சியில் நேராக எழும்பும் கொழுந்துகளை மட்டும் நீக்கி, கிளைகளைப் படுக்கையாக வைத்திருந்தால் போதும்.