கொடி இறங்கும் வேளை

தரங்கம்பாடிக் கடற்கரையிலுள்ள டேன்ஸ்போர்க் கோட்டை, தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருக்கும் டென்மார்க் கப்பற்படைத் தலைவர் ஓவே கியெத்தேவுக்கும் 1620-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்து, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை டேனியர் கையில் இருந்தது. விடுமுறையில் இங்கு வருவோர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆயினும் வீரர்களின் அறைகளும் கிடங்குகளும் சூழ்ந்த அதன் முற்றத்தில் சற்று நேரம் நின்றால், வேறு ஊர்களில் கூட்டம் கூடிக் கண்டு மகிழும் படைச் சடங்குகள் எத்தகைய தேவையில் பிறந்தவை என்பது விளங்கும்.

பொழுது சாயும்போது முரசறைந்து வீரர்களை உள்ளே அழைத்து, கதவடைத்து, இரவுக் காவலை நிறுத்துவது ஐரோப்பியக் கோட்டைகளின் அன்றாடப் பணி. போர்க்களத்திலும் அந்த ஒலி கேட்டதும் சண்டையை நிறுத்திப் பாசறைக்கு மீள்வது வழக்கமாயிற்று. குடியரசு தின விழாவை நிறைவு செய்யும் வகையில் ஆண்டுதோறும் ஜனவரி 29-இல் தில்லி விஜய் சௌக்கில் நடைபெறும் ‘பாசறை திரும்பும் நிகழ்ச்சி’ இவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. குடியரசுத் தலைவர் முன்னிலையில் முப்படைகளின் இசைக்குழுக்கள் வாசிக்க, ஊதுகொம்பு ஒலித்ததும் கொடிகள் இறக்கப்படுகின்றன.

பஞ்சாபின் அட்டாரி எல்லையில் 1959 முதல் நடந்துவரும் கொடியிறக்கமோ தன்மையில் முற்றிலும் வேறானது. விசிறி போன்ற தலைப்பாகை அணிந்த எல்லைப் பாதுகாப்புப் படையினர் நெற்றியளவு காலை உயர்த்தி வீசி நடக்கும்போது எழும் ஆரவாரத்தில் பலர் கவனிக்கத் தவறுவது, இரு நாட்டுக் கொடிகளின் கயிறுகளும் குறுக்காகச் செல்ல, ஒன்று மற்றொன்றைவிடத் தாழாதபடி இரண்டும் ஒரே சீராக இறங்கும் அந்த நுட்பத்தைத்தான். கைதட்டலைவிட அதுவே கண்ணூன்றிப் பார்க்கத் தக்கது. ஏனெனில் எதிரெதிரே நிற்கும் இரு படைகள் ஒன்றையொன்று உற்றுநோக்கி, ஒரே வேகத்தில் இயங்கினாலன்றி அது நிகழாது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் இந்தியத் தரப்பு வாயிற்கதவைத் திறப்பதையும் கைகுலுக்குவதையும் நிறுத்திக்கொண்டதால், உறவின் நிலையைச் சடங்கே எல்லோர்க்கும் காட்டிற்று.

டேனியரின் சொந்த நாட்டில் காவல் மாற்றம் இன்றும் நாள்தோறும் நடைபெறுகிறது. 1658-இல் நிறுவப்பட்ட அரச மெய்க்காவற் படையினர், கரடித்தோல் தொப்பியுடன் கோபன்ஹேகனின் ரோசன்போர்க் கோட்டையருகே உள்ள தங்கள் முகாமிலிருந்து முற்பகல் 11.30 மணிக்குப் புறப்பட்டு, நகரத் தெருக்கள் வழியே நடந்து, நண்பகலில் அமாலியன்போர்க் அரண்மனை முன்றிலில் காவலை ஒப்படைக்கின்றனர். அரசர் அங்குத் தங்கியிருக்கும் நாட்களில் இசைக்குழுவும் உடன் வரும். ரோசன்போர்க்கைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். தரங்கம்பாடிக் கோட்டைக்கான உடன்படிக்கையும் அவருடைய ஆட்சியிலேயே கையெழுத்தாயிற்று.